சீமெந்துத் தொட்டியில் மாப்பிள்ளை பார்த்தது

என் தங்கை வசந்திக்கு ஒரே மகள், ஷாமினி. அவளுக்கு டென்மார்க்கில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பெயர் ரூபன், வயது முப்பது, சில்க்போர்க் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்கள் திருத்தும் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் சில மாதங்களாகக் கொம்பியூட்டரில் முகம் பார்த்துக் கதைத்து, ஒருவருக்கொருவர் பிடித்தும் விட்டது. வசந்திக்குத்தான் திரையில் தெரிகிற முகத்தில் நம்பிக்கை இல்லை.

"அண்ணா, நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ. ஆள் எப்பிடி, வீடு எப்பிடி, குணம் எப்பிடி எண்டு. உங்களுக்குத்தானே நாள் முழுக்க ஆக்களின்ர முகம் பாத்துப் பழக்கம்" என்றாள்.

நான் ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறவன். ஏறுகிறவர்களின் கையில் ரிக்கெற் இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, முகத்தைப் பார்த்துக் குணம் சொன்னதில்லை. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

புறப்படும் நேரம் வந்தபோது போகத்தான் வேண்டுமா என்று ஆகிவிட்டது. அது வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த மே மாதம். எங்கள் அக்கா கிளிநொச்சியில் ஆசிரியை. கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இடம்பெயர்ந்து, மீண்டும் இடம்பெயர்ந்து, கடற்கரைப் பக்கம் போய்விட்டார் என்பது மட்டும் தெரியும். தை மாதத்தில் தருமபுரத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ரொறன்ரோவில் எங்கள் சனம் தெருவில் நின்றது. நான் ஓட்டிய பஸ்ஸே ஊர்வலத்துக்காகப் பாதை மாறி ஓடியது. வசந்தியின் கணவர் பதாகையோடு நின்று எனக்குக் கை காட்டினார்.

முடிவெடுத்தது வசந்திதான். "இஞ்ச இருந்தும் ரீவியைத்தான் பாக்கப்போறம். போட்டு வாங்கோ."

கொப்பன்ஹேகனில் ரயில் ஏறியதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ரயிலுக்குள் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. கடலுக்கு மேலே நீளமான பாலம், தூரத்தில் காற்றாலைகள், அதன் பிறகு மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த வயல்கள். எனக்கு எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மடியில் ஒரு தக்காளிக் கன்றை வைத்துக்கொண்டு இருந்தார். ஓரிடத்தில் ஒலிபெருக்கி டேனிஷ் மொழியில் நீளமாக ஏதோ சொன்னது. சிலர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்கள். நான் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ரிக்கெற் பரிசோதகர் வந்தார். என் ரிக்கெற்றை இரண்டு தரம் பார்த்தார். "நீங்கள் ஏறியது சரியான ரயில்தான். இருப்பது பிழையான பாதியில்" என்றார்.

ரயில் வழியில் இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். முன்பாதி நான் போகவேண்டிய பக்கம் போய்விட்டது. பின்பாதி என்னையும் தக்காளிக் கன்றையும் ஏற்றிக்கொண்டு வேறு திசையில் போகிறது. எங்கள் ஊரில் ரயில் பிந்தும், வழியில் நிற்கும், யாழ்ப்பாணத்துக்கு வருடக்கணக்காக வராமலே இருக்கும். இரண்டு துண்டாகி இரண்டு ஊருக்குப் போவதை நான் கேள்விப்பட்டிருக்கவில்லை.

எதிரே இருந்த பெண் தன் தொலைபேசியைத் தந்தார். ரூபனோடு நான் முதன்முதலாகக் கதைத்தது அப்படித்தான். "கோல்டிங் எண்டு ஒரு இடம் வரும் அங்கிள். இறங்கி நில்லுங்கோ. நான் காரில வாறன்" என்றான். குரலில் எரிச்சல் இல்லை. நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன். தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் ஆறுதலாக ஒரு கறுப்பு இனிப்பைத் தந்தார். வாயில் போட்டேன். உப்பு. பழைய பற்றரியை நக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கிவிட்டு, "நல்லாயிருக்கிறது" என்றேன். இன்னொன்று தந்தார்.

ரூபன் ஒல்லியான, உயரமான ஆள். முழங்கையில் பழைய காயத் தழும்பு. என் பெட்டியை வைப்பதற்காகக் காரின் பின்கதவைத் திறந்தான். உள்ளே இரண்டு தும்புத்தடி, தண்ணீர் தள்ளுகிற இறப்பர் தடி ஒன்று, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வாளிகள்.

"தம்பி கிளீனிங் வேலையும் செய்யிறீரோ?" என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள். சும்மா" என்று கதவைச் சாத்தினான்.

வீட்டில் அவனும் தாயும் மட்டும்தான். தகப்பன் சில வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். தாயின் பெயர் ரஞ்சி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஆகவே எனக்கு ரஞ்சி அக்கா. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. முதல் நாள் புட்டும், ஒரு தட்டை மீனில் வைத்த குழம்பும் தந்தார். மறுநாள் காலை டேனிஷ் சாப்பாடு. கறுப்புப் பாணில் ஈரல் பேஸ்ட்டைப் பூசி, அதற்கு மேல் கட்டைச் சம்பலை வைத்து நீட்டினார்.

"வந்த புதுசில இந்தப் பாணை அழுதுகொண்டு சாப்பிட்டனாங்கள் தம்பி. பிறகு சம்பல் வைச்சம். இப்ப இது இல்லாட்டி வேலைக்குப் போகேலாது."

குசினியிலிருந்து பார்க்கிற மாதிரி ரீவி வைத்திருந்தார்கள். அது எந்நேரமும் ஓடியது. ரஞ்சி அக்கா வெங்காயம் வெட்டும்போதும் தலையை அதன் பக்கம் திருப்பியே வைத்திருந்தார். ரூபன் வீட்டுக்குள் வந்ததும் கதிரையைத் திருப்பி, ரீவிக்கு முதுகு காட்டி இருந்து சாப்பிட்டான். தாய் தமிழில் கேட்டதற்கு டேனிஷில் பதில் சொன்னான். சாப்பிட்டவுடன் வெளியே போனான்.

"ஜிம்முக்குப் போறவர்" என்றார் ரஞ்சி அக்கா.

"முழங்கையில காயம் ஒண்டு கண்டன்."

"அது ஜிம்மில விழுந்தது."

ஜிம்மில் எங்கே விழுவது என்று யோசித்தேன். 

வெள்ளிக்கிழமை இருவரும் வேலைக்குப் போய்விட, நான் ஊர் பார்க்கக் கிளம்பினேன். ஏரிகள் சூழ்ந்த அழகான ஊர். ஒரு பேக்கரிக்கு வெளியே குழந்தைத் தள்ளுவண்டி ஒன்று தனியாக நின்றது. எட்டிப் பார்த்தால் உள்ளே குழந்தை தூங்குகிறது. சுற்றுமுற்றும் ஒருவரும் இல்லை. ரொறன்ரோவில் என்றால் பொலிஸ் வந்துவிடும். நான் வண்டிக்குப் பக்கத்தில் காவல் நின்றேன். பாணோடு வெளியே வந்த தாய் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். இங்கே குழந்தைகளை வெளியே தூங்க விடுவது வழக்கம் என்று பிறகு ரஞ்சி அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்த வீட்டில் அன்றுதான் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டேன்.

சனிக்கிழமை ரூபனுக்கு ஓவர்டைம் என்றார்கள். பஸ் ஓட்டுகிறவனுக்கு விடுமுறை கிடைத்தால் இன்னொருவர் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் இருப்பான். நானும் அதையே செய்தேன். ஸ்கீவ என்ற ஊர்ப் பக்கம் போகும் தெருவில் ஓடுகிற பஸ் அது. ஓட்டுநர் ஒரு பெண், நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும், வெட்டிய நரைமுடி. வளைவுகளில் பிரேக்கைத் தொடாமல், வேகத்தை முன்கூட்டியே குறைத்து, பஸ்ஸைத் தானாக உருள விட்டார். சத்தமில்லாத ஓட்டம். கடைசித் தரிப்பு ஒரு சின்ன ஊர். எல்லோரும் இறங்கிய பிறகு நான் ஆங்கிலத்தில் பாராட்டினேன், நானும் இந்தத் தொழில்தான், ரொறன்ரோவில், என்று.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் ரூபனுடைய கனடா மாமாவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பஸ் ஓட்டுகிற மாமா ஒருவர் வருகிறார் என்று சொன்னான். என் பெயர் கிர்ஸ்டன். எனக்கு இத்தோடு வேலை முடிந்தது. அவனிடம்தான் போகிறேன். வாருங்கள், நடக்கிற தூரம்தான்."

தொழிற்சாலைக்குக் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு விளையாட்டு மண்டபத்தைச் சுற்றிப் பின்னால் போனோம். பீச் மரங்களுக்கு நடுவே நிலம் திடீரென்று குழிந்தது. அந்தக் குழிவு முழுவதும் சீமெந்து. வட்டமும் முட்டை வடிவமுமாக மூன்று தொட்டிகள், அவற்றை இணைக்கிற வளைந்த வாய்க்கால். மிக ஆழமான தொட்டிக்குள் என்னைப்போல் இருவரை ஒருவர் தோளில் ஒருவராக நிறுத்தினாலும் தலை வெளியே தெரியாது. ஓரங்களில் பாசி. சில்லுகள் ஓடி ஓடித் தேய்ந்த தடங்கள் மட்டும் பளபளத்தன.

உள்ளே ஆட்கள் ஸ்கேட்போர்ட் என்கிற சில்லுப் பலகைகளில் உருண்டுகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் எல்லாம் வளர்ந்த மனிதர்கள். ஜெர்மன் இலக்கத்தகடு போட்ட வான் ஒன்றிலிருந்து மூன்று வழுக்கைத் தலையர்கள் இறங்கி முழங்கால் கவசம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு என் வயது இருக்கும்.

இந்த இடத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. வருகிறவர்கள் "பெடோங்" என்கிறார்கள். டேனிஷில் கொங்கிறீற் என்று அர்த்தம், அவ்வளவுதான். எழுபதுகளின் கடைசியில் ஊர் இளைஞர்கள் ஒரு அமெரிக்கப் பத்திரிகைப் படத்தைக் காட்டி நகரசபையை நச்சரித்தார்களாம். நகரசபை பிடித்துக் கொடுத்த ஆட்கள் பன்றிப் பண்ணைகளுக்குச் சாணித் தொட்டி கட்டுகிறவர்கள்.

"அவர்களில் ஒருவர் என் அப்பா" என்றார் கிர்ஸ்டன். "ஒருவருக்கும் ஸ்கேட்போர்ட் என்றால் என்னவென்று தெரியாது. அந்த ஒற்றைப் படத்தைப் பார்த்துக் கண்ணளவில் வளைத்தார்கள். எனக்குப் பதினைந்து வயது. சீமெந்து காயும்வரை தினமும் வந்து விரலால் தொட்டுப் பார்ப்பேன்."

மேற்குப் பக்கச் சுவரைக் காட்டினார். அது பிழையாகக் கட்டப்பட்டதாம். மற்றச் சுவர்களைப்போல் சீராக வளையாமல், பாதியில் சட்டென்று நிமிர்ந்து, மேலே போனதும் ஆளை வெளியே தள்ளிவிடும். ஜெர்மனியிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வருகிறவர்கள் அந்தப் பிழைக்காகத்தான் வருகிறார்கள்.

"புதிய இடங்கள் நிறைய இருக்கின்றன. நன்றாக அளந்து கட்டியவை. எங்கே ஏற்றி எங்கே இறக்கும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். இது இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. அதனால் வீட்டில் இருக்க முடிவதில்லை."

அப்போது ஒருவன் ஆழமான தொட்டிக்குள் இறங்கினான். அடியில் ஒரு உறுமல், சுவரில் ஏற ஏறச் சத்தம் மெலிந்தது, விளிம்பைத் தாண்டிய கணத்தில் ஒன்றுமே கேட்கவில்லை, மறுபடி உறுமல். ஒரு வளைவை எங்கே பிடித்து எங்கே விடவேண்டும் என்பது என் தொழில். இவனுக்கு அது உடம்பிலேயே இருந்தது. மூன்றாம் சுற்றில் மேற்குச் சுவரின் உச்சியில் நின்று நிமிர்ந்தவன் என்னைக் கண்டான். பலகை ஒரு பக்கம் போக, முழங்காலால் சறுக்கிக்கொண்டு அடிவரைக்கும் போனான்.

ரூபன்.

மேலே ஏறி வந்து என் முன்னால் நின்றான். "அங்கிள்... அம்மா சொன்னவவோ?"

"அம்மா ஜிம் எண்டு சொன்னவ."

அவன் விளிம்பில் குந்தினான். நானும் பக்கத்தில் இருந்தேன். "ஷாமினிக்கு முதல் நாளே சொல்லிப்போட்டன். பெரியாக்களுக்குத்தான் சொல்லேல்லை."

"ஏன்?"

"முப்பது வயசு. சில்லுப் பலகை. நீங்கள் என்ன நினைப்பியள்?"

"அதைத்தான் இப்ப நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வயதில் அகதியாக வந்து, முதலில் இந்தச் சின்ன ஊரில்தான் அவர்களைக் குடியேற்றினார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒருவரோடும் கதைக்கத் தெரியாது. "இஞ்ச வந்தா கதைக்கத் தேவையில்லை அங்கிள். விளிம்பில நிண்டா எல்லாருக்கும் முறை வரும். விழுந்தா எல்லாரும் பலகையால நிலத்தில தட்டுவினம். அது கைதட்டு." கிர்ஸ்டன்தான் அவனுக்கு முதல் பலகையைக் கொடுத்தவராம். இப்போது அவர் சீருடைக் காற்சட்டைக்கு மேல் கவசத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். பஸ்ஸைப் போலவே பலகையையும் ஓட்டினார், சத்தமில்லாமல்.

காரில் கண்ட வாளியும் தும்புத்தடியும் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. மழை பெய்தால் தொட்டி நிறையும், இலை விழுந்தால் சில்லு வழுக்கும். இறைப்பதும் கூட்டுவதும் வருகிறவர்களின் வேலை.

அன்று இரவுச் சாப்பாட்டில் ரஞ்சி அக்கா கேட்டார், "எங்க போனனீங்கள் தம்பி?"

"பஸ்ஸில சும்மா ஒரு சுத்து."

"ரூபனுக்குப் பாவம், ஓவர்டைம்" என்று இடியப்பத்தைப் பார்த்துச் சொன்னார். நானும் ரூபனும் சொதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஜெபக்கூட்டம். டேனிஷ் தேவாலயம் ஒன்றின் மண்டபத்தை அதற்கு விட்டிருந்தார்கள். வழக்கமாகப் பாட்டும் கைதட்டலுமாக இருக்குமாம். அன்று பாட்டு எடுபடவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றும், இல்லை என்றும், கடற்கரையில் சனம் இன்னும் நிற்கிறது என்றும் ஆளுக்கொரு செய்தி வைத்திருந்தார்கள். ஒரு பெண் தன் தம்பியின் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கி, பெயருக்கு மேல் போகமுடியாமல் நின்றார்.

தேத்தண்ணி குடிக்கும்போது, கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பியிலிருந்து வந்திருந்த ஒரு அண்ணை என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"மாப்பிள்ளை பாக்க வந்தனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். குடும்பம் நல்ல குடும்பம். ஆனா ஒண்டு சொல்லவேணும். கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்கு இஞ்சயிருந்து பஸ் விட்டது. தாய் வந்தவ. பொடியன் வரேல்லை. எங்க நிண்டவன் தெரியுமோ? சின்னப் பிள்ளையள் மாதிரிச் சில்லுப் பலகையில. ஊர் எரிஞ்சுகொண்டிருக்கேக்க."

 மண்டபத்தின் மறுபக்கம் ரூபன் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நேற்று எனக்குப் பிடித்திருந்த அதே ஆள்தான். என் அக்கா எங்கே கிடக்கிறாரோ தெரியாத நாளில் அவன் மேற்குச் சுவரில் ஏறி இறங்கியதை நானும் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பது அப்போது உறுத்தியது. வசந்தி குணத்தைப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். வீடு திரும்பும்போது காரில் தாயும் இருந்ததால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

திங்கட்கிழமை போர் முடிந்தது என்று அறிவித்தார்கள்.

ரீவியில் காட்டிய படங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அக்கம்பக்கத்துத் தமிழ்ச் சனம் ரஞ்சி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டது. இருக்க இடமில்லாமல் சப்பாத்துகளுக்கு நடுவிலும் நின்றார்கள். வசந்திக்கு எடுத்தேன். அவள் அழுதாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். படத்தில் ஓடுகிற ஒவ்வொரு பெண்ணிலும் அக்காவைத் தேடினேன். மத்தியானம் ரூபன் வேலை உடுப்போடு வந்தான். ரீவியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். காரின் திறப்பை எடுத்தான்.

"அங்கிள், வாங்கோ."

"இண்டைக்குமோ?" என்றார் ரஞ்சி அக்கா. வீடு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இவருக்கு மூச்சு முட்டுது அம்மா. முகத்தைப் பாருங்கோ."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கே அது தெரியவில்லை.

காலையில் பெய்த மழையில் ஆழமான தொட்டியின் அடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிகாலை இலை அடைத்திருந்தது. ரூபன் என் கையில் ஒரு வாளியைத் தந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். நான் அள்ளி வாளியை நிறைப்பது, அவன் விளிம்பில் நின்று கயிற்றால் இழுத்து ஊற்றுவது.  கொஞ்ச நேரத்தில் கிர்ஸ்டன் சீருடையோடு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். வானொலியில் கேட்டிருந்தார்கள். கிர்ஸ்டன் ரூபனின் தோளில் ஒரு தரம் கையை வைத்து எடுத்துவிட்டு, தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார்.

தண்ணீர் முடிந்தது. ஈரத்தை இறப்பர் தடியால் தள்ளி முடித்தோம். செய்வதற்கு வேறு வேலை இல்லாமல் போனபோது நான் தொட்டியின் அடியில் இருந்துவிட்டேன். அங்கே காற்று இல்லை. முதுகு சாய்ந்த சுவரில் இலேசான வெயில் சூடு இருந்தது. அழுகை வந்தது. சத்தம் சுவர்களில் பட்டு என்னிடமே திரும்பி வந்ததும் பயந்து வாயைப் பொத்தினேன். பிறகு பொத்தவில்லை. மேலே இருந்தவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் கூட்டுகிற சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டது.

ரூபன் இறங்கி வந்து பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். அழுது முடித்ததும் கேட்டேன், "தம்பி, ஊர்வலத்துக்கு ஏன் போகேல்லை?"

சீமெந்தில் ஒட்டியிருந்த ஒரு இலையைச் சுரண்டி எடுத்தான்.

"முதல் தரம் போனனான் அங்கிள். அம்மான்ர தம்பி அங்கதான். குட்டி மாமா. போன வருசம் வரைக்கும் ஞாயிறுக்கு ஞாயிறு என்னோட போனில கதைப்பார். என்ர தமிழைப் பழிச்சுக்கொண்டே கதைப்பார். இப்ப ஒரு செய்தியும் இல்லை. ஊர்வலத்தில ஒரு பிள்ளை பிடிச்சுக்கொண்டு நிண்ட படத்தில இருந்தவர் அவரைப்போலக் கிடந்துது. கிட்டப் போய்ப் பாத்தா அவரில்லை. அதுக்குப் பிறகு என்னாலை போக ஏலாமப் போச்சு. வீட்டில சொன்னா அம்மா உடைஞ்சுபோவா. ஆக்களுக்கு முன்னால எனக்கு அழுகையும் வராது." மேற்குச் சுவரைப் பார்த்தான். "அதில ஏறேக்க விழப்போறன் எண்டு பயம் வரும். அந்தப் பயம் இருக்கிற நேரம் மற்றதெல்லாம் கொஞ்சம் நிக்கும். போகாமல் விட்டது சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது என்றேன். அது உண்மை.

வீடு திரும்பியபோது வந்தவர்கள் போய்விட்டார்கள். என் காற்சட்டை முழுக்கச் சேறு. ரஞ்சி அக்கா ஒன்றும் கேட்காமல் சாப்பாடு போட்டார். காலையிலிருந்து ஒன்றும் இறங்காத எனக்கு அப்போது பசித்தது. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவன் உங்களை எங்க கூட்டிக்கொண்டு போனவன் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. இருபது வருசமாத் தெரியும். நான் ஒருநாளும் போய்ப் பாக்கேல்லை. விழுவான் எண்டு பயம்."

"விழுறவர்தான் அக்கா. ஆனா விழத் தெரிஞ்சவர்."

"குட்டியைப் பற்றி என்னோட ஒரு சொல்லுக் கதைக்கிறானில்லை. கல்லு மாதிரி இருக்கிறான்."

ரூபன் தொட்டிக்குள் சொன்னதை நான் சொல்லலாமா என்று யோசித்தேன். அது அவன் சொல்லவேண்டியது. "நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன். அன்று மாலை நான் அறைக்குப் போன பிறகு குசினியில் இருவரும் கதைக்கிற சத்தம் கேட்டது. ரூபன் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தான். பிறகு இருவரும் அழுகிற சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

புதன்கிழமை காலை வசந்தி எடுத்தாள். அக்கா உயிரோடு இருக்கிறார். செட்டிகுளம் முகாமில். இரண்டு பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள். யாரோ ஒருவரின் தொலைபேசியில் கொழும்பில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஒரு நிமிடம் கதைத்திருக்கிறார். அத்தான் இல்லை. அதை அக்கா அழாமல் சொன்னாராம்.

நான் சொல்லச் சொல்ல ரஞ்சி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வீட்டுக்காவது வந்துதே" என்றார். அவர் தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. பிறகு எழும்பிப் போய் ரீவியை நிறுத்தினார். நான் வந்த நாளிலிருந்து அது நின்றதைப் பார்த்ததில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில் மூன்று பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ரஞ்சி அக்கா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

நான் திரும்புவதற்கு முதல் நாள் வசந்தி மறுபடியும் எடுத்தாள். அக்காவுக்கு எப்படிக் காசும் உடுப்பும் அனுப்புவது, பிள்ளைகளை எப்படி வெளியே எடுப்பது என்று கதைத்தோம். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணா, இந்த நேரத்தில கேக்கிறன் எண்டு நினையாதேங்கோ. அந்தப் பொடியன் எப்பிடி?"

குசினியில் ரஞ்சி அக்காவும் ரூபனும் இருந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கினேன். முப்பது வயதில் சில்லுப் பலகை ஓட்டுகிறான் என்றேன். ரஞ்சி அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒரு பழைய சீமெந்துத் தொட்டி இருக்கிறது, அதைக் கூட்டித் துடைத்து வைத்துக்கொண்டு கிழமையில் பாதி நாள் அதற்குள்தான் கிடக்கிறான் என்றேன். ரஞ்சி அக்கா தலையில் கையை வைத்தார். ஊர்வலத்துக்குப் போகாததையும் சொன்னேன். திங்கட்கிழமை என் மூச்சு முட்டியதை அந்த வீடு நிறைந்த சனத்தில் அவன் ஒருவன்தான் கண்டான் என்பதையும், எனக்கு அழ இடம் காட்டியதையும் சொன்னேன்.

மறுபக்கத்தில் வசந்தி கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது. 

"அத்தானுக்கு ஒரு வருசம் போகட்டும்" என்றாள் வசந்தி. "அதுக்குப் பிறகு நாள் வைப்பம். ஷாமினிக்கு நான் சொல்லுறன்." மூக்கை உறிஞ்சினாள். "அண்ணா, அவர் ஹெல்மெட் போடுறவரோ?"

நான் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு ரூபனிடம் கேட்டேன்.

அவன் தாயைப் பார்த்தான். தாய் அவனைப் பார்த்தார்.

"இனிப் போடுவன் எண்டு சொல்லுங்கோ மாமா" என்றான்.